கடலோரத்தில் புது வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை



நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் வீடு பழுதுபார்க்க உதவி கேட்பவையும் உண்டு. முன்பெல்லாம் அவை ஓட்டு வீடுகளுக்கும், பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கும்தான் வரும். இப்போது கட்டி ஏழெட்டு வருடமே ஆன காங்கிரீட் வீடுகளுக்கும் வருகின்றன. சன்ஷேடு உடைந்து விழுந்துவிட்டது, தளத்தின் அடியில் கம்பி தெரிகிறது, போர் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, மழை வந்தால் கூடம் வரை தண்ணீர் ஏறுகிறது என்று எழுதுகிறார்கள். வாங்கியவர் பெரும்பாலும் சஃபரில் இருப்பவர். இருபது வருடச் சம்பாத்தியத்தை ஒரே வீட்டில் போட்டிருப்பார். வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்து, டைல்ஸும் பெயிண்டும் பிடித்துப்போய், உறவினர் மூலம் அட்வான்ஸ் கொடுத்திருப்பார். வீடு மகளுக்கென்று வாங்கியது, சிரமப்படுவதும் மகள்தான்.

உள்நாட்டு ஊர்களில் புது வீடு என்றால் சில வருடங்களுக்குக் கவலையில்லை என்று நினைப்பார்கள். கடலோரத்தில் அப்படி நினைக்க முடியாது. உப்பு தன் வேலையைக் காட்டச் சில வருடங்கள் எடுத்துக்கொள்ளும். கோடையில் பார்த்த வீட்டுக்கு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்பது அப்போது தெரியாது. நிலத்தில் உள்ள சட்டச் சிக்கலும் பல வருடம் கழித்தே வெளியே வரலாம். ஆகவே வீட்டின் அழகைப் பார்க்கும் முன் நிலம், பத்திரம், தண்ணீர், காங்கிரீட், ஒப்பந்தம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். எதை எப்படிப் பார்ப்பது என்று எங்களால் இயன்றவரை கீழே விளக்கியுள்ளோம்.

கடற்கரை விதி

கடலை ஒட்டிய நிலத்தில் விரும்பியபடி கட்ட முடியாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்ற மத்திய அரசின் விதி 1991 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2011இலும் 2019இலும் அது மாற்றி எழுதப்பட்டது. கடல் நீர் ஏறும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலம் இந்த விதிக்குள் வரும். உப்பங்கழி, கழிமுகம், அலை ஏறி இறங்கும் வாய்க்கால் ஆகியவற்றின் கரைகளும் வரும். 2011 விதிப்படி அங்கே 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அதுவே எல்லை. 2019 விதி அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. ‘கடல் எங்கேயோ இருக்கிறதே’ என்று நாம் நினைக்கும் மனை, கழி ஓரத்தில் இருப்பதால் விதிக்குள் வந்துவிடும்.

ஏற்கெனவே வீடுகள் நெருங்கிய நகரப் பகுதியில், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம். கிராமப் பகுதியில் 2011 விதிப்படி முதல் 200 மீட்டரில் புது வீட்டுக்கு இடமில்லை. 200 முதல் 500 மீட்டர் வரை, அங்கே வழிவழியாக வாழ்பவர்களின் உரிமைக்கு உட்பட்டு, தரைத்தளமும் ஒரு மாடியும்தான். மக்கள் நெருக்கம் அதிகமான கிராமப் பகுதிகளில் 2019 விதி 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. ஆனால் ஓர் இடத்துக்கான கடற்கரை மேலாண்மை வரைபடம் புது விதிப்படி ஒப்புதல் பெற்ற பிறகுதான் இந்தக் குறைப்பு அங்கே பொருந்தும். ஆகவே ‘இப்போது 50 மீட்டர்தான், கவலைப்படாதீர்கள்’ என்று யாராவது சொன்னால், நம் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் பொருந்துகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுமம் இருக்கிறது. அங்கே மனுக் கொடுத்துக் கேட்கலாம்.

பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது, கரண்ட் இணைப்பு இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, பிறகென்ன என்று பலர் கேட்கிறார்கள். கேரளத்தில் கொச்சியை அடுத்த மரடுவில் உப்பங்கழி ஓரமாக நின்ற நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இவையெல்லாம் இருந்தன. கட்ட அனுமதி கொடுத்தது உள்ளூர் பஞ்சாயத்துதான். கடற்கரை விதி மீறப்பட்டது என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்து நான்கையும் தரைமட்டமாக்கினார்கள். 300க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. பலர் குடியேறிப் பல வருடம் வாழ்ந்தவர்கள். ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாகக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் வீடு வீடாக இல்லை.

பத்திரம்: வில்லங்கச் சான்று மட்டும் போதாது

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் தெரியும். பதிவாகாத ஒப்பந்தமும், பங்கு கொடுக்கப்படாத வாரிசும் அதில் தெரிய மாட்டார்கள்.

நம் சமுதாயத்தில் இந்த இரண்டாவது சிக்கல்தான் அதிகம். தகப்பனார் வஃபாத் ஆனதும் ஆண் மக்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு மனையை விற்றுவிடுகிறார்கள். பெண் மக்களுக்கும் தாயாருக்கும் மார்க்கம் கொடுத்த பங்கு அந்த விற்பனையால் அழிந்துவிடாது. பிறகு அந்தப் பெண்ணோ அவருடைய பிள்ளைகளோ வழக்குப் போட்டால், வீடு வாங்கியவர்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். ஆகவே மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். எங்கெல்லாம் ஒருவர் மௌத்தாகி சொத்து கைமாறியிருக்கிறதோ, அங்கெல்லாம் வாரிசுச் சான்றை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இது நம் பணத்தைக் காப்பது மட்டுமல்ல, ஒரு பெண்ணின் ஹக்கை நாம் விலைக்கு வாங்காமல் இருப்பதும்கூட.

அடுத்தது வக்ஃப். கடலோர ஊர்களில் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் கபர்ஸ்தானுக்கும் முன்னோர் எழுதிவைத்த நிலங்கள் ஏராளம். வக்ஃப் நிலத்தை விற்கவோ தானம் கொடுக்கவோ அடகு வைக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை, மார்க்கமும் அனுமதிப்பதில்லை. ‘கட்டடம் மட்டும் விலைக்கு, இடத்துக்கு வாடகை’ என்று சொன்னால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உரிமையாளராக அல்ல, வாடகைதாரராகத்தான் போகிறீர்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு ஊர் ஜமாஅத்திலும், வக்ஃப் வாரியத்தின் மண்டல அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

வீட்டை விற்பவர் வெளிநாட்டில் இருந்து பவர் கொடுத்திருந்தால், அந்தப் பவர் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, இங்கே வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா, பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாக முடிந்துபோகும். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் விலையிலிருந்து வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் கடமை. இதை முன்கூட்டியே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குபவர் வெளிநாட்டுவாழ் இந்தியராக இருந்தால் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம் வாங்க முடியாது. வயலை மனையாக்கிய இடமா, முறைப்படி மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரும் வழியும் குடிக்கும் தண்ணீரும்

கடலோரம் என்றதும் நமக்கு 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வெள்ளம் கடல் பக்கமிருந்துதான் வரும் என்பதில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். அந்த மழையில் குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது. மேற்கிலிருந்து வரும் தண்ணீர் கடலுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழியில் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டியிருந்தால், தண்ணீர் அந்த வீட்டுக்குள் நுழைந்துதான் போகும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகை என்று பாருங்கள். புல வரைபடத்தில் மனையை ஒட்டி ஓடை, வாய்க்கால், குளம் எதாவது குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில், குறிப்பாக வீட்டிலேயே இருக்கும் பெண்களிடம், சென்ற பெருமழையில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று கேளுங்கள். வீட்டின் தரை சாலையைவிட எவ்வளவு உயரம் என்றும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலை உயரும், வீடு உயராது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் ஒரு மழைக்காலம் பொறுப்பதால் நமக்கு நஷ்டமில்லை.

குடிநீருக்கு வருவோம். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதப்பது போல நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் குறைந்தால், கீழே உப்புத் தண்ணீர் சுமார் 40 மீட்டர் மேலேறிவிடும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. ஒரே தெருவில் பத்துப் புது வீடுகள் வந்து பத்து போர் ஓடினால் என்ன ஆகும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மழை முடிந்த தை மாதத்தில் ருசியாக இருக்கும் தண்ணீர் வைகாசியில் உவர்ப்பாகிவிடும். ஆகவே கோடையில் எடுத்த தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. செப்டிக் டேங்க் போருக்கு அருகிலேயே இருந்தால் கிருமிச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். மணல் பூமியில் கழிவு நீர் சீக்கிரம் இறங்கிவிடும்.

காங்கிரீட்டுக்குள் என்ன இருக்கிறது

காங்கிரீட்டில் உள்ள சுண்ணாம்புத் தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காப்பு அழிந்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து நெம்ப, காங்கிரீட் வெடித்து உதிரும். இது வெளியே தெரியப் பல வருடம் ஆகும். புது வீட்டில் எவ்வளவு தேடினாலும் தெரியாது.

உப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று, கட்டும்போதே நாம் கலப்பது: உப்பு போர் தண்ணீர், கடற்கரை மணல். காங்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. மற்றொன்று, காற்றில் வந்து மெல்ல இறங்குவது. இதைத் தடுப்பது நல்ல காங்கிரீட்டும், கம்பிக்கு மேல் போதுமான காங்கிரீட் மூடலும்தான். அதே விதிப்படி கடலோரக் காற்று நேராகப் படும் காங்கிரீட்டுக்கு எம்-30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். உள்நாட்டில் வறண்ட, பாதுகாப்பான இடத்துக்கு எம்-20 தரமும் 20 மில்லிமீட்டரும் போதும். நம் ஊர்களில் பல மேஸ்திரிகள் உள்நாட்டு அளவையே இங்கும் போடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, அப்படித்தான் பழகியிருக்கிறார்கள்.

வாங்குபவர் செய்யக்கூடியவை:

• கட்டியவர் ஏழெட்டு வருடத்துக்கு முன் கட்டி விற்ற வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சன்ஷேடின் ஓரம், பால்கனியின் அடிப்பக்கம், மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே துருக் கறையும் நீளவாக்கில் வெடிப்பும் இருந்தால் உங்கள் வீடும் அப்படித்தான் ஆகும்.

• எந்தத் தண்ணீரில் கலந்தார்கள், எதில் க்யூரிங் செய்தார்கள், என்ன மணல் போட்டார்கள் என்று கேளுங்கள். ரெடிமிக்ஸ், எம்-சாண்ட், டேங்கர் தண்ணீர் என்று சொன்னால் பில் காட்டச் சொல்லுங்கள்.

• கட்டியவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துப் போங்கள். கம்பிக்கு மேல் எவ்வளவு மூடல் இருக்கிறது என்பதைச் சுவரை உடைக்காமல் கருவி வைத்தே அளக்கலாம். இதற்கு ஆகும் செலவு வீட்டு விலையில் மிகச் சிறிய பங்கு.

• சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, புதிதாகப் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. அதன்படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் தன் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 12 சென்டுக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ அந்தத் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. நம் ஊரில் 10 சென்ட் வாங்கி மூன்று வீடு கட்டி விற்பவர்கள் இந்த வகையில்தான் வருகிறார்கள். அங்கே நமக்கு இருக்கும் பிடிமானம் நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே. ஆகவே 5 வருடத்துக்குக் கட்டுமானப் பொறுப்பு, மீறினால் என்ன, தாமதமானால் என்ன, பத்திரத்தில் சிக்கல் வந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவது ஆகியவற்றை வக்கீல் வைத்து எழுதுங்கள்.

‘அவர் நம்ம மாமா மகன், அவரிடம் போய் பேப்பர் கேட்பதா?’ என்ற சங்கடம் நம்மிடம் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படியும் சாட்சி வைக்கும்படியும் சூரா பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அது உறவினருக்கு விலக்குக் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்வதால் உறவு கெடாது. எழுதாமல் விட்டதால் கெட்ட உறவுகளை நாங்கள் பஞ்சாயத்துகளில் நிறையப் பார்க்கிறோம்.

விற்பனைப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புள்ள சொத்துக்கு இதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். கையில் உள்ள பணம் வீட்டு விலைக்கு மட்டும் சரியாக இருந்தால், இந்தத் தொகைக்காகக் கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்கவோ, மனைவியின் மஹர் நகையைக் கேட்கவோ நேரிடுகிறது. பட்ஜெட்டை இதையும் சேர்த்தே போடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நாளை விவகாரம் வந்தால் ரொக்கத்துக்குச் சாட்சியும் இருக்காது. மகளுக்கென்று வாங்கினால் மகள் பெயரிலேயே பத்திரம் போடுங்கள். ‘வாய்ச்சொல்லாகக் கொடுத்தது’ என்பது பிற்காலத்தில் உடன்பிறந்தவர்களுக்குள் பிணக்காகிறது.

வாங்கலாமா, வேண்டாமா

எல்லாவற்றையும் பார்த்த பிறகு குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். கடற்கரை விதி மீறல், வக்ஃப் நிலம், கையெழுத்துப் போடாத வாரிசு, வாய்க்காலின் மேல் வீடு, உப்புத் தண்ணீரில் கலந்த காங்கிரீட் ஆகியவற்றைப் பணம் கொண்டு சரிசெய்ய முடியாது. எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும், அந்தத் தொகையைக் காப்பாற்றுவதற்காக முழுத் தொகையையும் போடாதீர்கள். உவர்ப்பான போர், தரமில்லாத ஜன்னல், துருப்பிடிக்கும் கேட், பூச்சில் குறை ஆகியவை பணம் கொண்டு சரிசெய்யக்கூடியவை. இன்ஜினியரிடம் மதிப்பீடு வாங்கி, விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கடலோரத்தில் 15 வருடம் நின்று, பல மழையும் புயலும் கண்ட வீடு விலைக்கு வந்தால் அதையும் பாருங்கள். அதன் குறைகள் வெளியே தெரிந்திருக்கும். அழகு குறைவாக இருக்கலாம், ஆனால் எதை வாங்குகிறோம் என்பது தெரியும்.

வீடு கட்டி விற்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது. மறைந்திருந்த பழைய குறை தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். 45 மில்லிமீட்டர் மூடலுக்கும் நல்ல தண்ணீருக்கும் ஆகும் கூடுதல் செலவைச் சொல்லி, அதற்கேற்ற விலை கேளுங்கள். தெரிந்து கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள்.

வீடு வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திர நகல்களுடன் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். வாரிசு, வக்ஃப் விவரங்களைச் சேர்ந்து பார்ப்போம். எந்த அலுவலகத்தில் என்ன மனுக் கொடுப்பது என்று எழுதித் தருவோம். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. சஃபரில் இருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் தயக்கமின்றி வரலாம். சஃபரில் உள்ள சகோதரர்கள், வீடியோ அனுப்பும் உறவினரிடம் மூலப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத்தான, நிம்மதியான வீடுகளைத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்